இருபது பாகம் நைலான் கயிறு

கையில் வாங்கியதும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு வழவழப்பாக இருக்கிற ஒன்று எப்படி ஓடத்தைப் பிடித்து நிறுத்தும்?

திருச்சி பெரிய கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது அந்தக் கயிற்றுக் கடை. உள்ளே நுழைந்தாலே தேங்காய் நாரின் நெடி மூக்கில் ஏறும். தரையிலிருந்து கூரைவரை கயிற்றுச் சுருள்கள். கடைக்காரர் பின்பக்கம் போய், மரப்பெட்டியில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்த ஒரு சுருளை எடுத்து வந்து பிரித்தார். சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பருமன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நைலான்மா. நாகப்பட்டினத்துல மீன்பிடி போட்டுக்குப் போற சரக்கு. இங்கயும் ஓடுமான்னு பாக்க ஒரு சுருள் வரவழைச்சேன். ஒருத்தரும் தொட்டுக்கூடப் பாக்கல."

அவரை எல்லாரும் ராவுத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயது இருக்கும். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"அவருக்குக் கையில அடி. நான்தான் பாத்து வாங்கணும்."

"கிணத்துக்கா, மாட்டுக்கா?"

"ஓடத்துக்கு."

சுருளைத் திருப்பிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. "மேக்கால துறையில, ஆடியில நடந்துச்சே, அந்த ஓடமா?"

"ஆமாங்க. அந்த ஓடந்தான்."

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

எங்கள் துறை

எங்கள் ஊர் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவேரியை ஒட்டி இருக்கிறது. வாழை, வெற்றிலை, கொஞ்சம் மல்லிகை. கிழக்கே நடந்தால் கோபுரம் கண்ணில் படும். ஆனால் பாதி ஊருக்கு வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ், ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் தென்கரையில்தான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் போய்விடும். ஓடத்தில் ஏறினால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் அக்கரை.

அந்த ஓடத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் கணவர் தங்கவேலு. அவருக்குக் கூட்டாளி சின்னையன். இருவரும் ஆளுக்கொரு மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். பட்டையான பெரிய மர ஓடம். வாழைத்தார், சைக்கிள், ஆடு, கல்யாணக் கோஷ்டி என்று எல்லாம் ஏறும். ஒருமுறை ஒரு மாப்பிள்ளை பாதி ஆற்றில் மோதிரத்தைத் தவறவிட்டு, ஓடம் முழுக்கப் பலகையைத் தூக்கித் தேடினார்கள். கடைசியில் மோதிரம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த ஓடத்தில் அப்படிச் சிரித்த நாட்களும் உண்டு.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஓடத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும், கயிறுகளைக் காயப் போடுவதும் மட்டும்தான்.

அந்த ஆடி

மேட்டூரில் தண்ணீர் திறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஆறு நிறைந்து ஓடியது. ஆனால் ஓடம் விடக் கூடாத வெள்ளம் இல்லை. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். தென்கரையில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு பேர் ஏறிவிட்டார்கள். அந்த நேரத்தில், கரையிலிருந்த கல்லில் கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிறு அறுந்தது.

ஓடம் பக்கவாட்டில் திரும்பி நீரோட்டத்துக்குள் போனது. என் கணவர் ஓடிப்போய் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். நங்கூரம் பிடித்தது. பிடித்த வேகத்தில் ஓடம் ஒரு வெட்டு வெட்டியது. அந்த வெட்டில் நங்கூரக் கயிறும் அறுந்தது.

விளிம்போரம் உட்கார்ந்திருந்த பூக்காரி அஞ்சலை ஆற்றில் விழுந்தாள். தினமும் தென்கரையிலிருந்து மல்லிகை கொண்டுவந்து ஸ்ரீரங்கத்தில் விற்பவள். என்னைவிட மூன்று வயது சின்னவள். என் கணவரின் வலக்கை விரல்கள் இரண்டு கயிற்றுக்கும் அதைச் சுற்றிக் கட்டுகிற ஓடத்துக் கட்டைக்கும் நடுவில் சிக்கி நசுங்கிப் போயின. ஓடம் கீழே ஒரு மணல் திட்டில் போய் முட்டி நின்றது. மற்ற எல்லாரும் பிழைத்தார்கள். அஞ்சலையைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

இதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனி மாதக் கடைசியில், கரையில் கட்டுகிற அந்தக் கயிற்றைக் காயப் போட்டபோது முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே நன்றாக இருந்தது. உள்ளே நார் கறுத்துப்போய், மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. என் கணவரிடம் சொன்னேன். "பெருக்கு முடியட்டும், மாத்திடலாம்" என்றார். நானும் சரி என்று சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அஞ்சலையின் கணவர் மாரிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. கயிறு பழசா?"

"ஆமா தம்பி. பழசு. எனக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாப்பிடும்போது என் கணவர் சொன்னார், "துறையை விட்டுடலாம் மீனாட்சி. வாழையைப் பாத்துக்கிட்டு இருந்துடலாம்."

"நாம விட்டா வேற ஒருத்தர் எடுப்பாங்க. இதே தேங்கா நாரைக் கட்டி ஓட்டுவாங்க. அதுலயும் ஜனங்க ஏறத்தானே செய்வாங்க?"

"அதுக்கு நாம என்ன பண்றது?"

"நாமளே ஓட்டுவோம். ஆனா சரியான கயிறு வர்ற வரைக்கும் ஓடம் கரையிலதான் கிடக்கும்."

இடது கையால் சோற்றைப் பிசைய இன்னும் பழகவில்லை அவருக்கு. நான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

நாத்தனாரின் புடவை

கயிறு வாங்கப் போனவளுக்கு நைலான் எப்படித் தோன்றியது என்று நீங்கள் கேட்கலாம். அது என் நாத்தனாரின் உபயம்.

பெண்களெல்லாம் நைலான் புடவை நைலான் புடவை என்று அலைந்த காலம் அது. எடமலைப்பட்டி புதூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார், அண்ணனின் கையைப் பார்க்க வந்தபோது அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். ரோஜா நிறம். உடம்புக்கு ஒரே புழுக்கம் என்று அவளே சொன்னாள். ஆனாலும் கழற்ற மனசில்லை.

கொல்லையில் எலுமிச்சைச் செடி முள்ளில் முந்தானை மாட்டிக்கொண்டது. பார்க்காமல் இழுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். பருத்தியாக இருந்தால் டர்ரென்று கிழிந்திருக்கும். இது நீண்டு கொடுத்தது, செடியே வளைந்தது. முள் ஒடிந்ததே தவிர, ஓர் இழைகூட அறவில்லை. விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

அதே நாள் அடுப்பருகே நின்றபோது புடவையின் ஓரம் தணலில் பட்டுப் பொசுங்கியது. நூல் உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாகிவிட்டது. அவள் அழாத குறை. நான் அந்தக் கடுகை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணி, என் புடவை போச்சேன்னு நான் நிக்கிறேன், நீங்க ஆராய்ச்சி பண்றீங்க?"

"இந்த நூல்ல கயிறு திரிப்பாங்களா?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் சின்னையனைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பிவிட்டேன்.

ராவுத்தர் கடையில்

சின்னையனுக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. வெளியே நின்றுகொண்டிருந்தவன், நைலான் என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே வந்துவிட்டான்.

"அண்ணி, இது தண்ணில மிதக்காது. தேங்கா நார்னா மிதக்கும், கண்ணுக்குத் தெரியும்."

"நங்கூரக் கயிறு எதுக்குப்பா மிதக்கணும்?" என்றார் ராவுத்தர். "மிதக்கிற கயிறுதான் கழியில மாட்டும். இது கீழ முழுகிக் கிடக்கும். நங்கூரத்தைப் படுக்க வெச்சு இழுக்கும், அப்பத்தான் அது மண்ணைக் கவ்வும்."

"நம்ம கயிறு கட்டை விரல் மொத்தம். இது என்னமோ தாலிக்கயிறாட்டம் இருக்கு."

ராவுத்தர் சிரிக்கவில்லை. கயிற்றின் இரு முனையையும் எங்கள் இருவர் கையிலும் கொடுத்து இழுக்கச் சொன்னார். இழுத்தோம். கயிறு மெல்ல நீண்டு கொடுத்தது. அது என் கையிலேயே தெரிந்தது. அன்று ஓடம் வெட்டிய வெட்டு எனக்கு ஞாபகம் வந்தது. தேங்காய் நார் கொஞ்சமும் விட்டுக் கொடுக்காது. அத்தனை வேகத்தையும் ஒரே இடத்தில் வாங்கும், அங்கேயே அறும். இது வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது.

அவரிடம் இரண்டு விதம் இருந்தது. ஒன்று, கூடை மாதிரி நெருக்கமாகப் பின்னியது. பார்க்க அழகு. மற்றது மூன்று புரி முறுக்கியது. பின்னியதை நெம்பிப் பார்த்தேன். புரி பிரிக்க வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத கயிறு எனக்கு வேண்டாம். மூன்று புரியையே எடுத்தேன்.

"எவ்வளவு நீளம் வேணும்மா?"

"நீங்க சொல்லுங்க. நாகப்பட்டினத்துல எப்படி விடுவாங்க?"

"எங்க மச்சான் போட்டுல ஆழத்தைப் போல ஏழு மடங்கு விடுவாங்க. குட்டையா விட்டா நங்கூரம் மேல தூக்கிக்கும்."

வெள்ளத்தில் எங்கள் துறையின் ஆழத்தை நான் கழி வைத்துப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். அப்படி இரண்டரைப் பாகம் இருந்தது. ஏழால் பெருக்கி, மேலுக்கும் கொஞ்சம் சேர்த்து, நங்கூரத்துக்கு இருபது பாகம் என்று முடிவு செய்தேன். கரையில் கட்ட முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, தனியாக.

விலையை எழுதப் போவதில்லை. கேட்டதும் சின்னையன் வெளியே போய் ஒரு சோடா குடித்துவிட்டு வந்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"வாங்கறேன்," என்றேன். "ஆனா முதல்ல பத்து முழம் குடுங்க. இழுத்துப் பாத்துட்டு வரேன்."

"எதை வெச்சும்மா இழுப்பீங்க?"

"லாரியை வெச்சு."

அரியமங்கலம் பட்டறை

எங்கள் வாழைத்தார் ஏற்றுகிற லாரிகளை அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில்தான் பழுது பார்ப்பார்கள். அங்கே மேஸ்திரி ஆரோக்கியசாமி. முழங்கைவரை கிரீஸ். நான் சொன்னதைக் கேட்டு முதலில் தலையைச் சொறிந்தார். அஞ்சலை பெயரைச் சொன்னதும், "ஒரு வண்டி சும்மாதான் நிக்குது, வாங்க" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு புளியமரம். முதலில் புதுத் தேங்காய்நார்க் கயிறு. லாரிக்கும் மரத்துக்கும் கட்டினார்கள். லாரி நகர்ந்தது. கயிறு விறைத்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் படாரென்று அறுந்தது.

அடுத்து நைலான். சின்னையனே கட்டினான், தன் வழக்கமான முடிச்சில். ஆரோக்கியசாமி எங்களை இருபதடி தள்ளி நிற்கச் சொன்னார். லாரி இழுத்தது. கயிறு மெலிந்துகொண்டே போனது. டயர் மண்ணைத் தோண்டியது. சட்டென்று கயிறு மரத்தை விட்டுத் தெறித்து, லாரியின் பின்பலகையில் சாட்டை மாதிரி விழுந்தது. பலகையில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணி!" என்று கத்தினான் சின்னையன். சந்தோஷமாகக்கூட இருந்தது அவன் குரல்.

நான் போய்க் கயிற்றை எடுத்துப் பார்த்தேன். கைக்குக் கொஞ்சம் சூடாக இருந்தது. எங்கும் அறவில்லை.

"கயிறு அறுந்துச்சா சின்னையா?"

"இல்ல, ஆனா..."

"முடிச்சுதானே வழுக்கிச்சு? கயிறு பண்ண வேண்டியதைக் கயிறு பண்ணிடுச்சு. முடிச்சு நம்ம வேலை. அதை நாம சரியா பண்ணலை."

அவன் பலகையில் விழுந்த கோட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்து, கயிற்றின் முனையைப் பிரிக்கத் தொடங்கினான். தேங்காய் நாரில் காது வைத்துப் பின்னுவது அவனுக்குத் தெரியும். முனையை வளைத்து, மூன்று புரியையும் தாய்க்கயிற்றுக்குள் மூன்று தடவை கோத்து வாங்குவார்கள். அப்படியே பின்னினான். லாரி இழுத்தது. அதுவும் மெல்ல வழுக்கி வந்துவிட்டது.

"ஆறு தடவை கோத்துப் பாரு," என்றேன்.

"அவ்வளவு எதுக்கு?"

"கோத்துப் பாரேன்."

பாதியை அவன் பின்னினான், மீதியை நான் பின்னினேன். பூத்தொடுக்கிற விரல், எனக்கு அது கஷ்டமாக இல்லை. முனைகளைப் பட்டறை விளக்கில் காட்டி உருக்கிக் கெட்டியாக்கினேன். மறுபடி லாரி இழுத்தது. டயர் குழி தோண்டிக்கொண்டே சுற்றியது. கயிறு நின்றது. ஆரோக்கியசாமி கையைத் தூக்கி, "போதும்மா, எனக்கு கிளட்ச் போயிடும்" என்றார்.

அவரிடமே இரண்டு பாகம் இரும்புச் சங்கிலியும் வாங்கிக்கொண்டேன். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் அது. ஆற்றடிக் கல்லில் சங்கிலி உரசட்டும், கயிறு உரச வேண்டாம். ஓடத்தின் விளிம்பில் படுகிற இடத்துக்குப் பழைய லாரி டியூபை வெட்டி உறை மாதிரி போட்டோம். ராவுத்தரிடம் திரும்பப் போய் வாங்கி வந்த இருபது பாகத்திலும், பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன், எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று தெரிவதற்காக.

பாலத்தூண்கள்

ஓடம் மறுபடி ஓடியது. முதல் நாள் ஆறு பேர்தான் ஏறினார்கள். அதில் ஒருத்தி நான். ஒவ்வொரு நடைக்கும் போனேன். ஒரு மாதத்தில் கூட்டம் பழையபடி வந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல். மழை விட்டிருந்தது. ஓடத்தில் ஒன்பது பேர். நடு ஆற்றில் சின்னையனின் கழி ஒடிந்தது. என் கணவருக்குப் பதிலாகக் கழி ஊன்ற வந்த ஆளின் கழி அடி எட்டவில்லை. ஓடம் கிழக்கே போகத் தொடங்கியது. கீழே, மழைக்குப் பிந்திய வெளிச்சத்தில், பாலத்தின் தூண்கள் தெளிவாகத் தெரிந்தன. தண்ணீர் அவற்றில் மோதி வெள்ளையாகப் பிரிந்துகொண்டிருந்தது. நெருங்க நெருங்க அந்தச் சத்தமும் கேட்டது.

சின்னையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"போடு," என்றேன்.

நங்கூரம் போனது. சங்கிலி கடகடவென்று போனது. கயிறு போனது. நான் சிவப்பு நூலை எண்ணினேன். இருபதும் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தூண் நெருங்கிவிட்டது. பதினைந்தில் அவன் கட்டையில் சுற்றிப் பிடித்தான்.

வெட்டு வரும் என்று எல்லாரும் பலகையைப் பிடித்துக்கொண்டோம். வரவில்லை. கயிறு நீண்டது. அதன் முறுக்கிலிருந்து தண்ணீர் பொடிப்பொடியாகத் தெறித்தது. ஓடம் மெல்ல வேகம் குறைந்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பிக்கொண்டு நின்றது. யாரோ "ரங்கா, ரங்கா" என்று முனகிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், டியூப் உறை நகர்ந்துவிட்டிருந்தது. கயிறு விளிம்பு மரத்தில் அறைந்து அறைந்து உரசியது. மண்டியிட்டு, உறையைத் தள்ளித் தள்ளிக் கயிற்றின் கீழே நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் கணவர் கரையோடு ஓடி வருவது தெரிந்தது. பிறகு மீன்பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பரிசல் கொண்டு வந்ததும் அவர்தான். உச்சிப்பொழுது தாண்டித்தான் கடைசி ஆள் இறங்கினார். ஒன்பது பேரும் கரையில் நின்றார்கள்.

மறுநாள்

காலையில் துறைக்குப் போனால், காயப் போட்டிருந்த கயிற்றுக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கதம்பம்கூடச் சுற்றியிருந்தது. இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். சின்னையன் புதுக் கழியோடு தயாராக இருந்தான்.

நான் பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கயிற்றை முதலிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். பதினைந்தாவது நூலுக்குப் பக்கத்தில் பஞ்சு மாதிரி பிசிறு. முறுக்கைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புரியில் பாதி இழை தேய்ந்து போயிருந்தது.

"இன்னிக்கு ஓடம் போகாது," என்றேன்.

"என்ன அண்ணி சொல்றீங்க? நம்மளைக் காப்பாத்துன கயிறு இது," என்றான் சின்னையன். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "லேசாத்தான் தேஞ்சிருக்கு. இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."

கூட்டத்தில் ஒருவர் பஸ் போய்விடும் என்று கத்தினார். இன்னொருவர், பெண்பிள்ளையிடம் துறையைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கயிற்றுப் பிசிறின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கட்டையின் மேல் இழுத்து வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டு," என்றார்.

அரிவாளால் வெட்டினேன். நல்ல பாகத்தைக் கரையில் கட்டுவதற்கு எடுத்து வைத்தேன். தேய்ந்த பகுதி ஒன்றரைப் பாகம் தேறியது. ஆட்கள் திட்டிக்கொண்டே கரைமேல் ஏறி, பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் மட்டும் நின்றாள்.

"அந்தத் துண்டை எனக்குக் குடுங்கக்கா. புள்ளைக்கு ஊஞ்சல் கட்டிக்கிறேன். ராசியான கயிறு."

"வீட்ல வேற கயிறு இருக்கு. அதைத் தரேன்," என்றேன். "இது வேண்டாம்."

அவள் முகம் வாடிவிட்டது. நான் மணலில் உட்கார்ந்து, அந்த ஒன்றரைப் பாகத்தையும் ஒரு சாணுக்கு மேல் எந்தத் துண்டும் இல்லாதபடி வெட்டிக்கொண்டிருந்தேன். நைலான் அரிவாளுக்கு எளிதில் அறவில்லை. வெயில் ஏறியது. எதையும் கட்ட முடியாத அளவுக்கு அது சின்னச் சின்னத் துண்டுகளாகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.